கூரைக்குப் போகாத பல்

1

நேற்றுக் காலை எஸ்தருக்கு முதல் பல் விழுந்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். கீழ்வரிசை முன்பல். ஓர் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்குள் அவள் முகம் கல்யாண வீட்டுக்காரி முகம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

நம் ஊரில் இதற்கு என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். சாணிக்குள் பொதிந்து கூரைமேல் எறிவோம். கூரை பழைய பல்லை வாங்கிக்கொண்டு புதிய பல்லைத் தரும். இங்கே மலாயாவில், ஈப்போ நகரத்தில், அடுத்த தெருவில் பால் விற்கும் பஞ்சாபி வீட்டில் மாடு நிற்கிறது. என் கணவர் போய் வாழையிலைத் துண்டில் சாணி வாங்கி வந்தார். பள்ளிக்கூட வாத்தியார் வெள்ளைச் சட்டையும் தானுமாகச் சாணி ஏந்தி வந்ததைத் தெருவே பார்த்தது. எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் எங்கள் வீட்டுக் கூரை தகரம். எஸ்தர் எறிந்த உருண்டை தகரத்தில் அடித்துச் சிதறியது. சாணி அங்கேயே ஒட்டிக்கொண்டது. பல் மட்டும் பிரிந்து, சறுக்கி, சத்தம் போட்டுக்கொண்டு அவள் காலடிக்கே வந்துவிட்டது. மறுபடி வெறும் பல்லை எறிந்தாள். அதுவும் திரும்பி வந்தது.

அவள் அழவில்லை. வேலிக்கு அந்தப்புறம் நின்ற மலாய்ச் சிறுமியிடம் மலாயில் சொன்னாள், எங்கள் வீட்டுக்கு இது வேண்டாமாம் என்று. என் மகள் எண்ணுவது மலாயில், சண்டை போடுவது மலாயில். சோறு கேட்க மட்டும் தமிழுக்கு வருகிறாள். அதைப் பற்றி இன்னொரு நாள் வருத்தப்பட்டுக்கொள்ளலாம் என்று, பல்லை என் முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் புறப்பட்டேன்.

நான் பல் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறேன். முடிச்சைப் பார்த்துவிட்டு அவர் என்னவென்று கேட்டார். அவிழ்த்துக் காட்டினேன். அந்தச் சீன டாக்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில், "கூரைக்குப் போற பல்லு" என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சொல் அவர் வாய்க்கு எப்படி வந்தது என்பதைத்தான் உங்களுக்கு எழுத நினைத்தேன். நாஞ்சில் நாட்டில், கொட்டாரத்திலும் அஞ்சுகிராமத்திலும் தோவாளையிலும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிற தாய்மாருக்கு இதில் ஒரு காரியம் இருக்கிறது.

2

என் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். என் அப்பா கொட்டாரத்தில் அடுத்தவர் வயலில் ஏர் பிடிப்பவர். அம்மா நடவுக்குப் போனவள். சபைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பிறகு விடுதியில் தங்கி, ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் அளவுக்கு நான் வந்தேன். இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் விடுதியில் கற்பிக்கப் பார்த்தார்கள். நான் கற்றுக்கொள்ளவில்லை.

கல்யாணமாகி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியபோது, எங்கள் எல்லாரையும் ஒரு முகாமில் நிறுத்திவைத்துப் பரிசோதித்தார்கள். கண்ணைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள். பிறகு ஓர் அதிகாரி வரிசையாக ஒவ்வொருவர் முன்னும் வந்து தம் வாயைத் திறந்து காட்டினார். நாங்களும் திறந்தோம். அவர் உள்ளே பார்த்தார், போனார். ஒருவரிடமும் ஒரு சொல் பேசவில்லை. எனக்கு முன்னால் நின்ற கிழவர், இந்த ஆசாமி, சந்தையில் மாடு வாங்க வந்தவர் போலிருக்கிறார் என்று முணுமுணுத்தார். எழுதுகிற மேசையில் இருந்தவர் என் பெயரில் பாதியை எனக்கும் மீதியை என் கணவருக்கும் பங்கு வைத்து எழுதிவிட்டார். அதைத் திருத்த மூன்று ஆபீஸ் ஏறினேன். கடைசியில் திருத்தினார்கள். ஆங்கிலத்தில் நானே எழுதிக் கொடுத்த பிறகு.

இந்தச் சீன டாக்டர் லிம்மிடம் நான் வேலைக்கு வந்தது, தமிழ்ப் பெண்கள் அவர் முன்னால் வாயைத் திறக்காததால். நம் பெண்கள் சிரித்தாலே வாயை மூடிக்கொள்கிறவர்கள். அந்நிய ஆண் ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திற என்றால் திறப்பார்களா? தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார்களாம். ஆங்கிலமும் தமிழும் தெரிந்த பெண் வேண்டும் என்று விளம்பரம் செய்தார். நான் போனேன்.

முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது, வாசல் பலகைக்கு ஒரு தமிழ் வரி. சீனத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஏற்கெனவே எழுதியிருந்தார். வலிக்கும் முன்னே வாருங்கள், என்று எழுதிக் கொடுத்தேன். பக்கத்துத் துணிக்கடைக்காரர் அதை வாசித்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உங்க டாக்டருக்குப் பிழைக்கத் தெரியல்லையேம்மா. வலி இல்லாதவன் எதுக்கு வைத்தியங்கிட்ட வர்றான்?" என்று இரக்கத்தோடு கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் டாக்டர் லிம் பல்லைப் பிடுங்குவதைத் தோல்வியாக நினைக்கிறவர். ஒரு பல்லைப் பிடுங்கின நாளில் மத்தியானம் சாப்பிடும்போதும் பேசமாட்டார். கெடுமுன் காப்பதுதான் வைத்தியம் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையைச் சனங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் அவர் கவலை. அவர்கள் கேட்கவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தமக்குச் சொல்லத் தெரியவில்லை என்றுதான் சொல்வார். இந்த ஒரு குணத்துக்காகவே அவரைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம்.

3

சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போவோம். தோட்டத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கத் துரையிடம் அனுமதி வாங்கியிருந்தார். காலால் மிதித்தால் சுழலும் ஒரு துளைக்கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு வருவோம். பிள்ளைகள் அதைத் தையல் மிஷின் என்று நினைத்து முதல் வாரம் கிழிந்த சட்டைகளோடு வந்தார்கள்.

சுகாதார ஆபீஸிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. தந்தசுத்தியின் அவசியத்தைப் பற்றி மிக உயர்ந்த தமிழில் யாரோ எழுதியது. அதைச் சுவரில் ஒட்டிய பியூனுக்குத் தமிழ் தெரியாது. தலைகீழாக ஒட்டியிருந்தார். நாலு மாதம் அது அப்படியே இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் ஒருவரும் வாசிக்கவில்லை.

நாங்கள் சொன்னதற்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன், தாய்மார்கள் தலையை ஆட்டி, சரிங்க, சரிங்க என்பார்கள். அடுத்த சனிக்கிழமை அதே பிள்ளை, அதே அழுக்கு. என் நாஞ்சில் நாட்டுப் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை வேறு. திருச்சிப் பக்கத்துச் சனங்கள், என்னை மலையாளத்தம்மா என்று கூப்பிடுவார்கள், நான் பாடுகிற மாதிரிப் பேசுகிறேனாம். அது போகட்டும். டாக்டருக்கு அந்தச் சரிங்க புரியவில்லை. ஒப்புக்கொண்டார்களே, ஏன் செய்யவில்லை என்று காரில் திரும்பும்போது கேட்டார்.

நான் சொன்னேன்: எங்கள் மக்கள் பெரிய மனிதர் ஒருவர் பேசும்போது, நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, உங்களை அவமதிக்கவில்லை என்பதற்காகச் சரி என்பார்கள். புரிந்தது என்பதோ செய்கிறேன் என்பதோ அதில் இல்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். விடுதிக் கண்காணிப்பாளரிடம் எத்தனையோ சரி சொல்லியிருக்கிறேன்.

அவர், அப்படியானால், சரி என்று பதில் வரக்கூடிய கேள்வியையே இனிமேல் கேட்க வேண்டாம் என்றார்.

அடுத்த வாரம் முதல் எல்லாம் மாறியது. உயரமான நாற்காலியில் பிள்ளையை உட்காரவைத்துத் தாம் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், தாய்மார் மடியிலேயே பிள்ளையை வைத்துக்கொள்ளச் சொல்லி, தாம் ஒரு முக்காலியில் அவர்களுக்குக் கீழே உட்கார்ந்தார். தாம் மட்டும் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியைத் தாயின் கையில் கொடுத்தார். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், என்ன தெரிகிறது என்பார். கடைசியில், வீட்டுக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எனக்குச் சொல்லிக் காட்டுங்கள் என்று கேட்கச் சொல்வார். இந்த ஒரு கேள்விக்குச் சரிங்க என்று பதில் சொல்ல முடியாது. சிரித்து, வெட்கப்பட்டு, உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

செங்கல்தூளால் பல் தேய்க்கிறோம் என்று ஒருத்தி சொன்னபோது, டாக்டர் முகம் சுளிக்கவில்லை. தம் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த வெள்ளிக் கரண்டியை எடுத்து, அவள் வீட்டுச் செங்கல்தூளையே வரவழைத்து, கரண்டியின் முதுகில் அவள் விரலாலேயே தேய்க்கச் சொன்னார். கரண்டி முழுக்கக் கீறல். அவள் கரண்டியைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். அவள் மாமியார் பின்னாலிருந்து, "அடியே, அவர் கரண்டியக் கெடுத்துப்புட்டியே" என்று அவளை வைதாள். உமிக்கரியை நைசாக இடித்துச் சலித்தால் பரவாயில்லை என்று அவர் சொன்னது அதற்குப் பிறகுதான் காதில் ஏறியது.

4

எவ்வளவு மாறியும் ஒரே ஓர் இடத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

ஆறு வயது வாக்கில் பிள்ளைகளுக்கு, கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. அது பால்பல் இல்லை. ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல். ஆனால் சத்தமில்லாமல் வருவதால் யாரும் கவனிப்பதில்லை. எட்டு வயதில் பார்த்தால் அதுதான் முதலில் சொத்தையாகியிருக்கும். அதைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் பிழைக்கும். தோட்டத்துத் தாய்மார் அடைக்க விடமாட்டார்கள். இது நிலைக்கும் பல் என்று நான் சொன்னால் என்னைப் பார்த்துப் பாவம் என்பது போலச் சிரிப்பார்கள். "விழப்போற பல்லுக்கு எதுக்கும்மா பூச்சு வேல?" என்று ஒருத்தி கேட்டாள். எத்தனை விதமாகச் சொல்லியும் அந்தச் சிரிப்பைத் தாண்ட முடியவில்லை.

அப்போதுதான் தங்கம் வந்தாள். எட்டு வயது. அப்பா செல்லையா தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டுபவர். அம்மா பொன்னம்மை. நான் வாயைத் திற மக்கா என்று பிள்ளையிடம் சொன்னதும் செல்லையா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மைக்கு எந்த ஊரு?"

"கொட்டாரம்."

"அப்பிடிச் சொல்லும். நான் அஞ்சுகிராமம். இவ தோவாளைக்காரி." மனைவி பக்கம் திரும்பி, "ஏட்டி, கேட்டியா, நம்ம ஊரு பேச்சு. நான் அப்பமே நினைச்சேன்" என்றார். அந்தக் கணத்திலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி. ஊரில் என்றால் என் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரோ என்னவோ. கடல் தாண்டினால் இப்படியும் ஒரு நன்மை உண்டு.

தங்கத்தின் கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஒரு கறுப்புக் குழி. இரவில் கொஞ்சம் நோவு இருந்ததாம். குழி இன்னும் ஆழமாகவில்லை, இன்றைக்கே அடைத்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். நான் சொன்னேன். செல்லையா மரியாதையாகத் தலையை ஆட்டினார். சரி தங்கச்சி, அடுத்த வாரம் கொண்டாந்து செய்யலாம் என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தச் 'சரி' அவருக்குப் பழகிவிட்டிருந்தது. வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்று கேளுங்கள் என்றார்.

கேட்டேன். செல்லையா காதைச் சொறிந்தார். சொந்த ஊர்க்காரியிடம் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "ஞாயித்துக்கிழமை எங்க லயத்து வரிசை வீட்டுக்குப் பல்லுப் பிடுங்குகவன் வாறான் தங்கச்சி. ஒரே இழுப்பு. பால்பல்லுல்லா இது? போனா வேற முளைக்கும். இவரு நல்ல மனுசன், அவர மூஞ்சில அடிச்ச மாதிரி எப்பிடிச் சொல்ல?"

ஞாயிறு என்றால் மறுநாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. உண்மையைச் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்லுங்கள் என்றார். பிறகு, இதைப் பால்பல் என்று அவர் எப்படி முடிவு செய்தார், அதைக் கேளுங்கள் என்றார்.

இத்தனை மாதம் இதை நாங்கள் ஒருவரிடமும் கேட்டதில்லை. இது நிலைப்பல் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம், நீங்கள் ஏன் அப்படி நினைக்கவில்லை என்று கேட்கவே இல்லை.

செல்லையாவுக்கு அது கேள்வியாகவே தெரியவில்லை. "இது என்னத்த கேக்காரு? எந்தப் பல்லு விழுந்து இது முளைச்சுது? பிள்ளைக்கு விழுந்த ஒவ்வொரு பல்லயும் நான்தான் கூரையில எறிஞ்சேன். முன்னால உள்ளதுதான் போச்சு, முன்னால உள்ளதுதான் வந்துது. அந்தா கடைவாயிலேருந்து ஒண்ணும் போகல்ல. போகாம எப்பிடி வரும்?"

பொன்னம்மையும் ஆமாம் என்றாள். வரிசையில் நின்ற திருச்சிக்காரப் பெண்களும், அதானே என்றார்கள்.

நான் கூரைக் கதையை டாக்டருக்குச் சொன்னேன். அவர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததைப் பார்த்தேன். இவர்கள் கணக்கில் ஒரு தப்பும் இல்லையே என்றார். ஒன்று போனால்தான் ஒன்று வரும் என்பது இருபது பால்பல்லுக்கும் சரிதான், இந்த வயதில் வரும் இந்த நாலு பல் மட்டும் அந்த வழக்கத்துக்கு வெளியே நிற்கிறது. இவை கேட்காமல் வந்தவை. கூரைக்கு எதையும் கொடுக்காமல் வந்த பல்லுக்குப் பதில் பல் கூரையில் இருக்காது. இதை அப்படியே சொல்லுங்கள் என்றார்.

அப்படியே சொன்னேன். செல்லையா யோசித்தார். நெஞ்சில் பாதி இறங்கியது, பாதி இறங்கவில்லை. "சொல்லதுக்கு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா பிடுங்கிட்டு வராமப் போனதை யாரு கண்டா?" என்றார்.

5

நான் கண்டிருந்தேன்.

ஒன்பது வயதில் எனக்குக் கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப்பல் நோவெடுத்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோட்டாறு சந்தைக்குப் போனார். சந்தையில் ஒருவர் துணி விரித்து, தாம் பிடுங்கிய பற்களை அதில் குவித்துவைத்து, அதையே விளம்பரமாக்கி உட்கார்ந்திருப்பார். அப்பா என் தலையைத் தம் மார்போடு பிடித்துக்கொண்டார். முடிந்ததும் எனக்கு வெல்லமிட்டாய் வாங்கித் தந்தார். வீட்டுக்கு வந்து பல்லைச் சாணியில் பொதிந்து, அவரே எங்கள் ஓலைக்கூரையின் உச்சிக்கு எறிந்தார். அவ்வளவு உயரத்துக்கு எங்கள் தெருவில் யாரும் எறிந்ததில்லை. நல்ல இடத்தில் விழுந்திருக்கு, பெரிய பல்லாய் வரும் என்று சொன்னார். நான் காத்திருந்தேன். விடுதிக்குப் போன பிறகும் நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த இடத்தில் இன்றுவரை எதுவும் முளைக்கவில்லை. பக்கத்துப் பல் அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அப்பாவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்ததில் மிக நல்லதை அவர் செய்தார்.

அந்த ஓட்டையை நான் யாருக்கும் காட்டியதில்லை. சிரித்தாலும் தெரியாதபடி சிரிக்கப் பழகியிருந்தேன். படித்தவள், ஆங்கிலம் பேசுகிறவள், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள், வாய்க்குள் பல் இல்லை என்றால் எப்படி? டாக்டருக்குக்கூடத் தெரியாது.

வராந்தாவில் எல்லாரும் நின்றார்கள். தங்கம் தாய் மடியில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இந்நேரம் அவளுக்கும் என் வாய்தான்.

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடியைப் பொன்னம்மை கையில் கொடுத்தேன்.

"அக்கா, எனக்க வாயப் பாரும்" என்றேன். வாயைத் திறந்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னாள். செல்லையாவும் எட்டிப் பார்த்தார். ஊர்க்கார ஆண் ஒருவர் முன்னால், இத்தனை பேர் முன்னால், வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு எப்படியிருந்தது என்பதை நம் ஊர்ப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

"எங்க அப்பா எறிஞ்சாரு அக்கா. நல்ல உசரத்தில எறிஞ்சாரு. ஒம்பது வயசில. இன்னும் வரல்ல."

பொன்னம்மை கண்ணாடியை இறக்கவில்லை. தன் மகளின் வாயைத் திறந்து பார்த்தாள். மறுபடி என் வாயைப் பார்த்தாள். அதே பக்கம், அதே இடம். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். அதுவரை அவள் அவர் முன்னால் சத்தமாகப் பேசியதை நான் கேட்டதில்லை.

"நாளைக்கு அவன் லயத்துக்கு வந்தா உமக்க பல்லப் பிடுங்கச் சொல்லும். எனக்க பிள்ளையத் தொடப்பிடாது."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். செல்லையாவும் சிரித்தார். "பாத்தியா தங்கச்சி, நீ வாயத் தொறந்த, இவளும் தொறந்துட்டா" என்றார். தையல் மிஷினின் பக்கத்தில் தாமே போய் நின்று, "பைய மிதிக்கச் சொல்லும், பிள்ள பயப்படும்" என்றார். டாக்டர் பையவே மிதித்தார். தங்கம் என் விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடைத்து முடிந்ததும் டாக்டர், கருவிகளைத் துடைத்துக்கொண்டே, இவ்வளவு நாள் என்னிடம் சொல்லவில்லையே என்று மட்டும் மெல்லக் கேட்டார். நான் தங்கத்தின் வாயைத் துடைத்துவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அது அவருடைய இன்னொரு நல்ல குணம்.

6

அதன் பிறகு தோட்டத்தில் நாங்கள் எதையும் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாயிலுள்ளதைக் கூரைக்குப் போகும் பல், கூரைக்குப் போகாத பல் என்று தாய்மார்களே பிரித்துக்கொண்டார்கள். கூரைக்குப் போகாத பல்லுக்கு வாசல் பெருக்குகிற மாதிரித் தினமும் கவனிப்பு. மலையாளத்தம்மா வாயைப் பார்த்தியா என்று ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்குச் செய்தி போயிற்று. நேரில் பார்க்க வேண்டும் என்று சிலர் வந்தார்கள். காட்டினேன். முதல் தடவை கஷ்டம், அப்புறம் அது வேலை. நோட்டீஸை நான் உரித்தெடுத்து நேராக ஒட்டினேன். இப்போதும் யாரும் வாசிப்பதில்லை.

டாக்டர் அந்த இரண்டு சொல்லையும் தமிழிலேயே கற்றுக்கொண்டார். ழகரம் அவருக்கு வராது, நல்லவேளையாக இதில் ழகரம் இல்லை. படித்த படிப்பையெல்லாம் வைத்துக்கொண்டு வண்டிக்காரர் ஒருவரிடம், நீங்கள் எப்படி நினைக்கிறீர்கள் என்று கேட்டு, பதிலைக் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. பினாங்கில் வாய்க்குள் பார்த்துவிட்டுப் பேசாமல் போன அதிகாரியை நினைத்துக்கொள்வேன். பார்த்தது இருவரும் ஒன்றைத்தான்.

நேற்று மாலை வீட்டுக்கு வந்தபோது எஸ்தர் வேலியருகே காத்திருந்தாள். வழியை அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். பக்கத்து மலாய் வீட்டு அடுக்களைக்குக் கூரை ஓலை. அந்த வீட்டம்மாவிடம் அவள் மலாயில் கேட்டு, அனுமதியும் வாங்கிவிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். எறிந்தாள். பல் ஓலைக்குள் புகுந்து நின்றுவிட்டது. நம் ஊர்க் கூரை தரவேண்டியதை மலாய்க்காரர் கூரை தரட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

வெளிச்சம் இருக்கும்போதே அவளை முற்றத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். கடைசிப் பல்லுக்குப் பின்னால், ஈறுக்கு மேலே, வெள்ளையாக ஒரு விளிம்பு. மறுபக்கமும் அப்படியே. கண்ணாடியில் காட்டினேன்.

"இதுக்கு எந்தப் பல்ல எறிஞ்சோம்மா?"

"ஒண்ணும் எறியல்ல மக்கா. இது கேக்காம வந்தது."

அவள் கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, இப்போது நீ திற என்றாள். திறந்தேன். என் வாய்க்குள் விரலை விட்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். தமிழில் அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. "கோசோங்" என்றாள். மலாயில் காலி என்று அர்த்தம். பிறகு எழுந்து, நான் சொல்லாமலே, உமிக்கரி டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

தம்பி மகனுக்கு இந்த வருஷம் ஆறு வயது நடப்பதாக ஊரிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. இதை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள், அவர்களுக்கு என் நன்றி. அப்பா, காலை வெயிலில் அவனை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வாயைத் திறந்து பாருங்கள். கடைசிப் பல்லுக்குப் பின்னால் ஒன்று முளைத்து நிற்கும். முன்பல்லெல்லாம் விழட்டும், நீங்களே எறியுங்கள். உங்கள் அளவுக்கு உயரமாக எறிகிறவர்களை நான் இந்த நாட்டிலும் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் நிற்கும் அந்தப் பல் நோவெடுத்தால் அவனைக் கோட்டாறு சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அடைக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் பிடுங்கிவிடலாம் என்று சொன்னால், சரி என்று தலையை ஆட்டாதீர்கள் அப்பா. ஏன் என்று கேளுங்கள்.